ஆண்டையிடம் விடை கேட்ட பாட்டு

கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். காலையில் பேருந்தில் ஏறினால் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்து, வேலையை முடித்துக்கொண்டு, மதியச் சோற்றுக்கு வீடு திரும்பிவிடலாம். நம்மில் பலர் கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் பதிவு அலுவலகத்திற்கும் அவ்வாறே போய் வருகிறோம். அதே சிதம்பரத்திற்கு ஒரு நாள் நடைத் தொலைவில் இருந்துகொண்டு, "நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன்" என்று சொல்லியே காலத்தைக் கழித்த ஒரு பண்ணையாளின் கதையை நாம் எல்லோரும் அறிவோம். கொள்ளிடக் கரையைச் சார்ந்த ஆதனூரில் பிறந்த நந்தன் அவன். பின்னாளில் திருநாளைப்போவார் என்று போற்றப்பட்டவன்.

ஆனால் நாம் அறிந்திருக்கும் கதை யாருடையது என்று ஒருமுறை நின்று கேட்டுப் பார்க்க வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய கதை அன்று, அது. கொடிய ஆண்டை, அவனிடம் விடை கேட்டுக் கெஞ்சும் நந்தன், ஓர் இரவுக்குள் விளைந்து நிற்கும் நாற்பது வேலி நிலம் ஆகியவை யாவும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு நாட்டுப்புறப் பாடகர் தம்முடைய முதல் நூலில் அமைத்தவை. அந்தப் பாடகர் கோபாலகிருஷ்ண பாரதியார். நூல் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. இன்று ஒரு பாடகன் தன் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டு, அதனாலேயே அத்துறையின் போக்கு மாறுவதை நாம் வியந்து பேசுகிறோம். அச்சும் கூத்துமேடையும் மட்டுமே இருந்த காலத்தில் அத்தகைய மாற்றத்தைச் செய்த நூல் இது.

பாரதியார் நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தார். முடிகொண்டானிலும் ஆனதாண்டவபுரத்திலும் மாயூரத்திலுமாக வாழ்நாளைக் கழித்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை, வீடு வாசல் என்று எதையும் சேர்த்துவைக்கவுமில்லை. கனம் கிருஷ்ணையர் போன்ற பெரிய வித்துவான்களின் இசையைக் கேட்டுப் பழகியவர். திருவிடைமருதூரில் மராத்திய அரச குடும்பத்தாரின் ஆதரவில் இருந்த இராமதாசரிடம் இந்துஸ்தானி இசையையும் கற்றவர். திருவையாற்றுக்குச் சென்று தியாகராசரைக் கண்டார் என்றும், அவர் ஆபோகி இராகத்தில் பாடியதைக் கேட்டு அதே இராகத்தில் தாமும் ஒரு கீர்த்தனை இயற்றினார் என்றும் இசைவாணர் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். முறையான தமிழ்ப் புலமை மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை. யாப்பும் இலக்கணமும் ஓதிய புலவர் வரிசையில் வைத்து அவரை யாரும் எண்ணியதில்லை. அந்தக் குறையை மறந்துவிடாமல் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அதுவே பெரிய செய்தியாகிறது.

சரித்திரக் கீர்த்தனை என்னும் துறை அவருக்கு முன்பே இருந்தது. தில்லைக் கூத்தனைப் பாடிய சீர்காழி முத்துத்தாண்டவரும், சிதம்பரத்தை அடுத்த தில்லைவிடங்கனில் வாழ்ந்த மாரிமுத்தாப் பிள்ளையும் தனிக் கீர்த்தனைகளை இயற்றியிருந்தனர். அருணாசலக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இராம நாடகத்தைக் கீர்த்தனைகளாகப் பாடிப் புகழடைந்துவிட்டார். ஆனால் அந்த நாடகத்தின் தலைவன் அரசன். கதையோ கம்பர் பாடி நாடறிந்த கதை. பாரதியார் எடுத்துக்கொண்டதோ, பிறருடைய நிலத்தில் உழுது, பிறர் விடை கொடுத்தாலன்றி ஊர் எல்லையைத் தாண்ட இயலாத ஒருவனை. இசை நாடகத்தின் நடுமேடையில் பண்ணையாள் ஒருவனை நிறுத்தி, இரவு முழுவதும் அவனையே பாடச் செய்தது அக்காலத்துக்குப் புதுமை.

சேக்கிழாரின் பெரிய புராணத்தில் நந்தன் கதை முப்பத்தேழு பாடல்களில் முடிந்துவிடுகிறது. அங்கே நந்தனார் தமக்கென விடப்பட்ட மானிய நிலத்தின் வருவாயில் வாழ்கிறார். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்துத் தொண்டு செய்கிறார். திருப்புன்கூரில் நந்தி விலக, வெளியில் நின்றே இறைவனைக் காண்கிறார். சிதம்பரத்திற்குப் போகத் தயங்குவதற்குக் காரணம், தம் குலத்தோர் அங்கே உள்ளே நுழைய இயலாது என்ற நினைவே. இந்த முப்பத்தேழு பாடல்களில் ஆண்டை ஒருவன் எங்கும் இல்லை. "போகாதே" என்று யாரும் வாய்திறந்து தடுக்கவில்லை. தடை உலகத்தின் இயல்பைப் போல, காற்றைப் போல, கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறது.

பாரதியார் அந்தத் தடைக்கு ஒரு முகம் கொடுத்தார். வேதியர் ஒருவரை ஆண்டையாக்கி, அவர் வாயில் அதிகாரத்தின் மொழியை வைத்தார். மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் போக நந்தன் விடை கேட்கிறான். "உனக்கு எதற்கடா திருநாள்?" என்ற போக்கில் ஆண்டை ஏசுகிறார். நந்தன் பணிகிறான், விளக்குகிறான், மறுபடியும் கேட்கிறான். சேரியின் முதியவர்களும் அவனைக் கேலி செய்கின்றனர். குலதெய்வத்துக்குப் படையல் போடாமல் பெரிய கோயில் சாமியை நினைப்பதால் ஊருக்கே கேடு வருமென்று அஞ்சுகின்றனர். மேலேயும் கீழேயும் இவ்வாறு இரண்டு சுவர்கள். இறுதியில், நாற்பது வேலி நிலத்தின் வேளாண்மையை முடித்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. ஒரு வேலி ஆறரை ஏக்கருக்கும் மேற்பட்டது. நாற்பது வேலி என்றால் இருநூற்றறுபது ஏக்கரைத் தாண்டும். "போகாதே" என்பதையே வேறு சொற்களில் சொன்னதாகும் அது. காவிரிப் பாசனத்தில் நடவும் அறுப்பும் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டளையின் கொடுமையை விளக்க வேண்டியதில்லை. இரவோடு இரவாக இறையருளால் பயிர் விளைந்து நிற்க, மறுநாள் ஆண்டையே நந்தனின் காலில் விழுகிறார்.

இதைச் சிலர் மூலநூலுக்குச் செய்த துரோகம் என்றனர். சேக்கிழாரில் இல்லாததைச் சேர்க்கலாமா என்ற கேள்வி இன்றளவும் சைவ அறிஞரிடையே உண்டு. நம் எண்ணம் வேறு. தஞ்சை மண்ணின் பண்ணை வாழ்வைக் கண்ணெதிரே பார்த்த ஒருவருக்கு, தடையைக் காற்றில் விட்டுவைக்க மனம் வரவில்லை. அவர் அந்தணராகப் பிறந்தவர் என்பதையும், அவர் பாட்டைத் திண்ணையில் அமர்ந்து கேட்டவர்களில் நிலக்கிழார்கள் பலர் இருந்தனர் என்பதையும் நினைத்தால், அந்தத் துணிவின் அளவு புரியும்.

அவருடைய மொழியும் அப்படிப்பட்டதே. விருத்தமும் கீர்த்தனையும் ஒருபுறம் இருக்க, நொண்டிச்சிந்து, கண்ணி, தண்டகம் என்று தெருக்கூத்திலும் களத்துமேட்டிலும் புழங்கிய மெட்டுகளையெல்லாம் நூலுக்குள் கொண்டுவந்தார். ஆண்டை பேசும்போது ஆண்டையின் பேச்சு. சேரியார் பேசும்போது சேரியின் பேச்சு. சொற்கள் கொச்சையாகவே நின்றன. இலக்கணம் வழுவிய இடங்களும் உண்டு.

இங்கேதான் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வருகிறார். அக்காலத்தில் ஒரு நூல் அச்சேற வேண்டுமானால் பெரும்புலவர் ஒருவரின் சிறப்புப் பாயிரம் வேண்டும். பாயிரம் இல்லாத நூல் தலைப்பாகை இல்லாத மாப்பிள்ளைபோல. மகாவித்துவான் அப்போது மாயூரத்தில் இருந்தார். பாரதியார் அவரைத் தேடிச் சென்றார். நூலில் பிழைகள் மலிந்திருப்பதைக் கண்ட மகாவித்துவானுக்குப் பாயிரம் தர விருப்பமில்லை. முகத்துக்கு நேரே மறுக்கவும் மனமில்லை. இன்று, நாளை என்று காலம் கடத்தினார். பாரதியாரோ சலிக்காமல் மீண்டும் மீண்டும் வந்தார். ஒரு நாள் நண்பகலில் மகாவித்துவான் உள்ளே படுத்துறங்க, பாரதியார் வெளித் திண்ணையில் அமர்ந்து தம் கீர்த்தனைகளில் ஒன்றைத் தமக்குத்தாமே பாடத் தொடங்கினார். உறக்கம் கலைந்த மகாவித்துவான் உள்ளிருந்தபடியே கேட்டார். மனம் உருகிற்று, கண்ணில் நீர் வந்தது. எழுந்து வந்து பாயிரம் கொடுத்தார். இந்நிகழ்ச்சியை உ. வே. சாமிநாதையர் பதிவு செய்துவைத்திருக்கிறார்.

நந்தனைப் பாடியவர், நந்தனைப் போலவே ஒரு வாசலில் காத்திருந்தார். அவருக்கும் "நாளை" என்றே பதில் கிடைத்தது. உள்ளே இருந்தவர் கொடியவர் அல்லர்; தமிழுலகின் தலைசிறந்த ஆசிரியர்களுள் ஒருவர், ஏழை மாணவர்களுக்குச் சோறிட்டுக் கற்பித்தவர். நல்லவர்களும் வாசலை அடைத்து நிற்பது உண்டு. சாமிநாதையரே மகாவித்துவானிடம் பாடம் கேட்க மாயூரம் வந்தபோது, பாரதியாரிடம் இசையும் கற்கத் தொடங்கினார். இசையில் மனம் சென்றால் இலக்கண இலக்கியக் கல்வி நிலைபெறாது என்று ஆசிரியர் கருதியதால் அதை நிறுத்திவிட நேர்ந்தது. திண்ணையில் கண் கலங்கியவர்தாம் அவரும்.

நூல் 1861-62 வாக்கில் அச்சேறியது. அதற்கு உதவியவர் காரைக்காலில் பிரெஞ்சு அரசின் அதிகாரியாக இருந்த சீசே என்பவர். நந்தன் சரித்திரத்தைக் கேட்டு மகிழ்ந்து, அதை நூலாக்க அவர் துணைநின்றார். தமிழ்ப் புலவர் தயங்கிய நூலுக்குப் பிரெஞ்சுக்காரர் கைகொடுத்தார் என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

அந்தப் பத்தாண்டுகளில் நம் கடலூர்ப் பகுதியிலும் இதற்கு இணையான ஒரு கொந்தளிப்பு இருந்ததை இடையில் நினைவுகூரலாம். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்த இராமலிங்க அடிகள் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவியது 1867ஆம் ஆண்டில். அவ்வாண்டிலேயே அவருடைய பாடல்களும் திருவருட்பா என்ற பெயரில் வெளிவந்தன. அவற்றை அருட்பா என்று சொல்லலாமா என்ற சண்டை கிளம்பி, அதன் தொடர்ச்சியாக 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் ஆறுமுக நாவலர் வழக்குத் தொடுக்கும் அளவுக்குச் சென்றது. எளிய தமிழில் பாடுகிறவனுக்குத் தெய்வத்தைப் பாட உரிமை உண்டா என்பதே அந்த நாட்களில் எங்கும் அடியில் கிடந்த வினா.

நந்தனார் சரித்திரம் அதற்குத் தன் வழியில் விடை சொல்லிவிட்டது. அதன் வெற்றிக்குப் பின் பாரதியார் திருநீலகண்ட நாயனார், இயற்பகை நாயனார், காரைக்கால் அம்மையார் ஆகியோர் சரித்திரங்களையும் கீர்த்தனைகளாக்கினார். அவற்றுள் எதுவும் முதல் நூலை எட்டவில்லை என்றே சொல்ல வேண்டும். அந்த நாயன்மார்களுக்கு ஆண்டை இல்லை. ஆகவே பாட்டில் அந்தச் சூடும் இல்லை. கதாகாலட்சேபம் என்னும் கலை தமிழில் வேரூன்றியபோது நந்தன் சரித்திரமே அதன் உயிர்நாடி ஆயிற்று. தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் மராத்தியக் கீர்த்தன முறையையும் தமிழ்ப் பாட்டையும் இணைத்து அதைப் பல ஊர்களில் நிகழ்த்தினார். ஆண்களுக்கே உரியதென்று கருதப்பட்ட அந்த மேடையில் துணிந்து ஏறிய சி. சரஸ்வதி பாயும் நந்தன் சரித்திரத்தைச் சொல்லிப் பெயர்பெற்றார். நடைபாவாடை விரித்த கல்யாணப் பந்தல்களிலும் கோயில் திருவிழாக்களிலும் இரவெல்லாம் மக்கள் விழித்திருந்து கேட்டனர். சமயம் பார்த்து அங்கே காது கொடுக்காமல் போன ஊர்கள் குறைவு; நம் கிறிஸ்தவக் குடும்பங்களின் பாட்டிமார்களும் அந்த மெட்டுகளை அறிந்திருந்தனர்.

மற்றொரு பாரதியார் அந்தப் பாட்டை எடுத்தாண்ட விதம்தான் நம்மை மிகவும் கவர்கிறது. சுதேசி இயக்க நாட்களில் சுப்பிரமணிய பாரதியார், ஆண்டை நந்தனை ஏசும் பாட்டின் மெட்டையே எடுத்துக்கொண்டு, ஆங்கிலேயன் இந்தியத் தேசபக்தனை ஏசுவதாகப் பாட்டமைத்தார். மிதவாதிகள் திலகரைப் பார்த்துச் சொல்வதாகவும் அதே சரித்திரத்து மெட்டில் ஒரு பாட்டு எழுதினார். மெட்டைக் கேட்ட மாத்திரத்திலேயே யார் ஆண்டை, யார் நந்தன் என்று மக்களுக்கு விளங்கிவிட்டது. வெள்ளையனிடம் தாம் நந்தனாக நிற்கிறோம் என்று புரிந்துகொண்ட மேல்சாதியார், தம் வயலில் தாமே ஆண்டையாக நிற்பதையும் அதே மூச்சில் கேட்டாக வேண்டியிருந்தது. காந்தியடிகள் 1927இல் சிதம்பரம் வந்தபோது நந்தனை உண்மையான சத்தியாக்கிரகியாகக் கண்டு பேசினார்.

திரைப்படமும் நந்தனை விடவில்லை. 1935இல் வெளிவந்த படத்தில் நந்தனாக நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள் என்ற பெண்மணி. அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்பது அந்நாளில் ஊரெல்லாம் பேசப்பட்டது. ஆண்டையாக நடித்தவர் இசைமேதை மகாராஜபுரம் விசுவநாத ஐயர். 1942இல் ஜெமினி எடுத்த படத்தில் தண்டபாணி தேசிகர் நந்தனானார். பிற பாடலாசிரியர்களின் பாடல்களும் அதில் கலந்தன.

நம் வாசகர்கள் தனியே அறிய வேண்டிய ஒரு தொடர்பு மாயூரத்தில் உண்டு. அங்கே முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். மகாவித்துவானின் நெருங்கிய நண்பர். அவர் மீது மகாவித்துவான் குளத்துக்கோவை என்ற நூலே பாடியிருக்கிறார். 1876 முதல் 1878 வரை தமிழகத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது வேதநாயகம் பிள்ளை தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளைக் காத்தார். அதைக் கண்ட கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடினார். மனிதரைப் பாடிப் பரிசில் பெறும் வழக்கம் இல்லாத பாரதியார், கஞ்சி வார்த்த கிறிஸ்தவரைப் பாடினார். வேதநாயகம் பிள்ளை 1878இல் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை வெளியிட்டார். எல்லாச் சமயத்தாரும் பாடத்தக்க எளிய தமிழ்க் கீர்த்தனை என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியதற்குத் தெருவில் ஒலித்த நந்தன் பாட்டும் ஒரு தூண்டுதலாக இருந்திருக்கலாம் என்பது நம் ஊகம். இரண்டு பேரும் ஒரே ஊரில், ஒரே வட்டத்தில் வாழ்ந்தவர்கள்.

இவ்வளவு புகழையும் எழுதிய பின் ஒரு நெருடலையும் எழுதியாக வேண்டும். கதையின் முடிவில் தீ இருக்கிறது. சேக்கிழாரிலும் சரி, பாரதியாரிலும் சரி, நந்தன் தீயில் மூழ்கி, முனிவர் கோலத்தில் எழுந்த பிறகே தில்லைக்குள் செல்கிறான். நந்தனாக இருந்த நந்தனுக்குக் கதவு திறக்கவில்லை. பாரதியார் ஆண்டையை மாற்றினார், வயலை மாற்றினார். தீயை மட்டும் அவரால் மாற்ற இயலவில்லை. புதுமைப்பித்தன் 1934இல் எழுதிய "புதிய நந்தன்" கதையும், இந்திரா பார்த்தசாரதியின் "நந்தன் கதை" நாடகமும் அந்தத் தீயைத்தான் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்கின்றன. தலித் எழுத்தாளர்கள் அதை இன்னும் கூர்மையாகக் கேட்டிருக்கின்றனர். கேட்பது நியாயமே.

நாமும் வெளியே நின்று பேசுகிறவர்கள் அல்லர். 1745இல் புதுச்சேரிக் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவரைப் பிரித்து நிறுத்திய சுவரைப் பற்றியும், அம்மக்கள் முறையிட்டதன்மேல் அது இடிக்கப்பட்டதைப் பற்றியும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அது நம் மறைமாவட்டத்துக் கதை. தனிக் கல்லறைகளைப் பற்றியும், தேர் எந்தத் தெருவோடு திரும்ப வேண்டும் என்பதைப் பற்றியும் நாம் எழுதாமல் விட்டவை இன்னும் பல.

இன்று கச்சேரி மேடைகளில் நந்தன் சரித்திரம் துண்டு துண்டாக வாழ்கிறது. மாஞ்சி இராகத்தில் அமைந்த பாட்டைப் பாடகர் உருகிப் பாடுகிறார்; அவையும் உருகுகிறது. தில்லையின் புகழும் நந்தனின் ஏக்கமும் நிலைத்துவிட்டன. ஆண்டையின் ஏச்சும், சேரியாரின் வாக்குவாதமும், நாற்பது வேலிக் கட்டளையும் மேடையிலிருந்து மெல்ல இறங்கிவிட்டன. சாதியிழிவுச் சொற்கள் நிறைந்த அப்பாடல்களை இன்று அவையில் பாடுவது கடினம் என்பது உண்மையே. ஆயினும் அவற்றை நீக்கிவிட்டால், நந்தன் ஏன் வாசலில் நிற்கிறான் என்பதே கேட்பவருக்குத் தெரியாமல் போகிறது. வெறும் பக்திப் பாட்டாக அதை ஆக்கிவிடுவது, பாரதியார் ஆண்டைக்குக் கொடுத்த முகத்தை மீண்டும் மூடிவிடுவதாகும்.

சிதம்பரத்தில் ஓமக்குளம் என்னும் இடத்தை நந்தன் தீமூழ்கிய கதையோடு சேர்த்துச் சொல்வது மக்கள் வழக்கு. சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவிப் பள்ளி தொடங்கினார். ஆரணிப் பகுதியில் ஓர் ஏழைத் தலித் குடும்பத்தில் 1890இல் பிறந்தவர் அவர். துறவியாகச் சிதம்பரம் வந்து, சட்டமன்றத்திலும் பணியாற்றி, 1959இல் மறைந்தார். தீயில் முடிந்த கதையை அவர் கரும்பலகையில் தொடங்கினார் என்று நாம் நினைப்பதுண்டு. ஒரு மார்கழிக் காலையில் அப்பக்கமாக நடந்து சென்றோம். பள்ளி மணி அடித்தது. பிந்தி வந்த சிறுவர்கள் நால்வர் புத்தகப் பையை முதுகில் குலுக்கிக்கொண்டு வாசலை நோக்கி ஓடினார்கள். காவலாளி அவர்களைக் கடிந்துகொண்டே கதவைத் திறந்துவிட்டார்.